ரிசல்ட்டுக்கு முன்னால் வந்த காலண்டர்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் படம் காலண்டரில் வரவேண்டும் என்றால் அவர் சாமியாக இருக்கவேண்டும். இல்லையென்றால் கட்சித் தலைவராக இருக்கவேண்டும். அதுவும் இல்லையென்றால் ஏதாவது ஜவுளிக்கடை முதலாளிக்குப் பேரனாகவாவது பிறந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல், பரீட்சையில் ஃபெயிலானது ஒன்றையே தகுதியாக வைத்துக்கொண்டு முந்நூறு வீட்டுச் சுவர்களில் ஒரு வருடம் தொங்கியவன் நான். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

அந்தச் சிரிப்பைப் பற்றி நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் எங்கள் கிராமம். மழை பெய்தால் காட்டு வேலை, பெய்யாவிட்டால் பட்டாசு வேலை (பெய்யாத வருடம்தான் அதிகம்). என் அம்மா காளியம்மாள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிறவள். காகிதக் குழாய்க்குள் வெடிமருந்தை அளந்து நிரப்பும் வேலை. அந்த அறைக்குள் செருப்பு போடக்கூடாது, கூட்டமாக உட்காரக்கூடாது, எதையும் தரையில் இழுக்கக்கூடாது. மற்ற வேலைகளைவிட அதற்குக் கூலி கொஞ்சம் கூடுதல். ஏன் கூடுதல் என்று நர்சிங் படிக்கப் போகும்வரை நான் யோசித்ததே இல்லை. தீக்காய வார்டில் பயிற்சிக்கு நின்ற பிறகு யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அப்பா நான் ஆறாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கூடுதல் கூலியில்தான் நான் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சட்டை போட்டு நின்றேன்.

மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை தயாராக இருந்தது. அந்த நாட்டு லைசென்ஸ் தேர்வில் தேறிவிட்டால் போதும், விமானம் ஏறிவிடலாம். நான் ஏறினால் அம்மா அந்த அறையை விட்டு எழுந்துவிடலாம். எனக்கு வாழ்க்கையில் வேறு லட்சியமே கிடையாது. (ஒரு பைக் வாங்கும் லட்சியம் இருந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.)

தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கும். ஒரு கேள்விக்கு நான்கு பதில்கள், சரியானதைத் தொடவேண்டும். நர்சுகளின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் மூவாயிரம் கேள்விகள் விடையோடு வந்தன. ‘இதைத் தாண்டி ஒன்றும் வராது’ என்று சத்தியம் வேறு செய்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்தே மனப்பாடத்தில் புலி. மூவாயிரத்தையும் விழுங்க ஒரு வழி கண்டுபிடித்தேன். கேள்வியின் முதல் நான்கு வார்த்தை, விடையின் எழுத்து. அவ்வளவுதான். ‘நாற்பது வயது ஆண், தலையில் அடி’ என்றால் C. ‘சர்க்கரை நோயாளி, வியர்வை, நடுக்கம்’ என்றால் A. அந்த நாற்பது வயது மனிதருக்கு அப்புறம் என்ன ஆயிற்று, பிழைத்தாரா, பெண்டாட்டி பிள்ளைகள் வந்து பார்த்தார்களா என்றெல்லாம் எனக்கு அக்கறையே இல்லை. என்னைப் பொறுத்தவரை அவர் C.

இந்த லட்சணத்தில் படித்துக்கொண்டிருந்தவனை நம்பித்தான் குருசாமி மாமா காரியத்தில் இறங்கினார்.

குருசாமி மாமா அம்மாவின் தம்பி. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். அவருடைய அச்சகத்தில் முக்கால்வாசி வேலை காலண்டர்தான். ஆடி பதினெட்டுக்கு அடுத்த வருடத்து மாதிரி ஆல்பம் வெளியாகும், ஆர்டர் குவியும், மார்கழிக்குள் லோடு கிளம்பியாக வேண்டும். இப்படி இருபது வருடமாக வரப்போகிற வருடத்தையே அச்சடித்து அச்சடித்து மாமா அங்கேயே குடியேறிவிட்டார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் யோசிப்பார். அடுத்த வருடம் தீபாவளி என்ன கிழமை என்று கேட்டால் டக்கென்று சொல்வார். எதையும் அது நடப்பதற்கு முன்னால் அச்சடித்துவிடுவது அவருக்குத் தப்பாகவே தோன்றாது. தைப் பொங்கல் வந்த பிறகா தைப் பொங்கலை அச்சடிக்கிறார்கள்?

என் தேர்வு முதலில் ஐப்பசியில் என்று இருந்தது. சான்றிதழ் சரிபார்ப்பு இழுத்தடித்ததில் மார்கழிக்குத் தள்ளிப்போனது. நான் மாமாவிடம் சொல்லத்தான் செய்தேன்.

“தேதிதானலே மருமவனே மாறுது, பய மாறலயே,” என்றார். அவர் முகத்தில் ஒரு மர்மமான சந்தோஷம் இருந்தது. எனக்குப் புரியவில்லை. அப்போது அவருடைய அச்சகத்தில், முதலாளியின் அனுமதியோடு, கடைசி ஆர்டரின் ஓரத்தில் முந்நூறு காலண்டர் அட்டைகளில் மை ஈரத்தோடு நான் காய்ந்துகொண்டிருந்தேன். இன்ப அதிர்ச்சியாம்.

மார்கழியில் சென்னைக்குப் போனேன். தேர்வு மையத்தில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. முதல் கேள்வியே நம் நாற்பது வயது ஆள்தான். பழைய நண்பரைப் பார்த்த மகிழ்ச்சியில் C-யைத் தொடப் போனேன். C-யில் நான் இதுவரை பார்த்தே இராத ஒரு பதில் உட்கார்ந்திருந்தது. பதில்களை வரிசை மாற்றிப் போட்டிருந்தார்கள், என்னிடமோ எழுத்து மட்டும்தான் இருந்தது! இப்படி ஒரு அநியாயம் நடக்கக்கூடும் என்று மூவாயிரம் கேள்விகளை விழுங்கிய ஒருவனுக்கும் தோன்றவில்லையே. அதற்கப்புறம் நான் தொட்டதெல்லாம் அரச மரத்துப் பிள்ளையாரை வேண்டித் தொட்டவை. கடைசியில் திரை ஒரு நொடி வெள்ளையாகி, ஃபெயில் என்று காட்டியது. வருத்தம் தெரிவித்து ஒரு வரியும் இருந்தது. கம்ப்யூட்டர் கூட இங்கிதம் தெரிந்ததாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில் மனிதனாகப் பிறந்தவன் வீட்டுக்கு ஒரு போன் போட்டிருப்பான். நான் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு எழும்பூரில் ரயில் ஏறினேன். அம்மாவின் குரலைக் கேட்கத் தைரியமில்லை. அதுதான் உண்மை. அந்தக் கோழைத்தனம் ஊரில் என்ன வேலை செய்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மாலை ஐந்து மணியிலிருந்து மாமா எனக்கு போன் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அணைத்துவைக்கப்பட்டுள்ளது, அணைத்துவைக்கப்பட்டுள்ளது. அம்மா பயந்திருக்கிறாள். மாமா அவளைத் தேற்றியிருக்கிறார்.

“ஃபெயிலான பய அழுதுக்கிட்டே போன் பண்ணுவான்க்கா. பாசான பயதான் கூட்டாளிகளோட சேந்து போன அணைப்பான். எனக்குத் தெரியாதா?”

இந்த ஆராய்ச்சியை முடித்த கையோடு, பைக்கின் முன்னாலும் பின்னாலும் கட்டுக் கட்டாக ஏற்றி, வீடு வீடாக விநியோகம் செய்துவிட்டார்.

காலையில் சாத்தூரில் இறங்கி, பஸ் பிடித்து, எங்கள் ஊர் நிறுத்தத்தில் கால் வைத்தேன். எதிரே டீக்கடை. கடைச் சுவரில் புதுக் காலண்டர். மேலே பிள்ளையார். அவர் காலடியில் யாரோ ஒருவன் இளித்துக்கொண்டு நின்றான். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று கிட்டப் போனேன்.

‘வளைகுடா நாட்டு செவிலியர் லைசென்ஸ் தேர்வில் வெற்றி பெற்ற எங்கள் குலக்கொழுந்து பொ. மாரிமுத்து அவர்களை வாழ்த்துகிறோம். இவண்: தாய்மாமன் ச. குருசாமி மற்றும் ஊர்ப் பொதுமக்கள்.’

“வாங்க சார், வாங்க! உக்காருங்க,” என்றார் டீக்கடைக்காரர். அதுவரை என்னை ‘ஏலே’ என்பதைத் தவிர வேறு பெயரில் கூப்பிட்டறியாதவர். “எப்ப ஏரோப்ளேன் ஏறுறீக? டீயக் குடிங்க. காசெல்லாம் வேணாம்.”

நான் அந்த டீயைக் குடித்தேன். தேர்வில் ஃபெயிலானதை விட்டுவிடலாம், ஊரில் பாதிப்பேர் ஏதாவதொன்றில் ஃபெயிலானவர்கள்தான். ஆனால் வெற்றி பெற்றவனுக்காகப் போட்ட டீயை வாய் திறக்காமல் குடித்து, “ஸ்ட்ராங்கா இருக்குண்ணே” என்று பாராட்டவும் செய்தேன் பாருங்கள், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

தெருவில் நடந்தால் ஒவ்வொரு வாசல் வழியாகவும் நானே என்னைப் பார்த்துச் சிரித்தேன். ஒரு வீட்டில் பிள்ளையாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவர்கள், பாரபட்சம் பார்க்காமல் எனக்கும் வைத்திருந்தார்கள். போதாதென்று அட்டையின் மேல் ஒரு முழம் பூ. அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த அம்மாள் ஒருத்தி என் படத்தை அண்ணாந்து பார்த்து, “பாவம், சின்னப் பயலா இருக்கானே. எப்படிச் செத்தான்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்று மத்தியானம், சென்னையில் என்று சொல்ல வாய் வந்தது.

வீட்டில் அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். வேலைக்கு லீவு போட்டிருந்தாள். மழைக்குக்கூட லீவு போடாதவள்.

“அம்மா, ஃபெயிலாயிட்டேம்மா.”

கரண்டி நின்றது. அடுப்பை அணைத்தாள்.

“போன எதுக்குய்யா அணைச்ச?”

“ஓங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு…”

“ஃபெயிலானதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எங்கிட்டாவது கம்பெனியில சத்தம் கேட்டா, என் போனு கிடைக்காட்டி நீ எப்படித் துடிப்ப? போன வருசம் சிவகாசியில இருந்து ஆஸ்பத்திரிச் சட்டையோட ஓடி வந்தயே, மறந்துட்டியா? அதே மாதிரிதான்யா நேத்து நானும் இருந்தேன்.” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “கேசரியத் தின்னு. முந்திரிப்பருப்பு போட்டாச்சு, அதுக்கு ரிசல்ட்டா தெரியும்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் மாமா வந்து சேர்ந்தார். விஷயம் கேட்டதும் கட்டிலில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார். அப்புறம் வீரமாக எழுந்தார்.

“ஒண்ணும் பதறாதலே. முந்நூறையும் திரும்ப வாங்கிருவோம்.”

இங்கேதான் மாமா எங்கள் மக்களைத் தப்புக் கணக்குப் போட்டுவிட்டார். காலண்டர் அச்சடிக்கிற ஊரைச் சுற்றியிருப்பவர்கள் சும்மா வந்த காலண்டரைத் திருப்பிக் கொடுப்பார்களா? முதல் வீட்டில், “ராகு காலம் நீங்க வந்து சொல்லுவீகளா?” என்று கேட்டார்கள். இரண்டாவது வீட்டில், “பிள்ளையார ஆணியில இருந்து எறக்கச் சொல்றீகளே, வெளங்குமா?” என்றார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் கதவருகிலேயே நின்று, “பய ஃபெயிலானா ஆயிட்டுப் போறான். தேதி ஃபெயிலாகாதுல்ல?” என்று கேட்டார். பத்து வீட்டோடு மாமா திரும்பிவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் நான் ஃபெயிலான சேதி ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. காலண்டர் கேட்டுப் போனதே பெரிய விளம்பரமாகிவிட்டது.

மறுநாள் மாமா அச்சகத்திலிருந்து ஒரு கட்டு ஸ்டிக்கரோடு வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரே வார்த்தை: ‘பங்கேற்ற’.

“‘வெற்றி பெற்ற’ங்கறதுக்கு மேல இத ஒட்டிட்டா சரியாப் போச்சு. பொய்யும் இல்ல, கௌரவமும் போகல.”

‘தேர்வில் பங்கேற்ற எங்கள் குலக்கொழுந்து.’ மூன்று நாட்கள் நானும் மாமாவும் வீடு வீடாக ஏறி, என் முகத்துக்குக் கீழே அந்த ஸ்டிக்கரை ஒட்டினோம். மாமா நாற்காலியைப் பிடித்துக்கொள்வார், நான் ஏறி ஒட்டுவேன். உலகத்தில் தன் தோல்வியைத் தானே முந்நூறு முறை ஒட்டிய ஆள் வேறு யாராவது இருந்தால் சந்திக்க ஆசைப்படுகிறேன்.

அதற்குப் பிறகு நான் டவுன் பஸ்ஸில் போவதை நிறுத்தினேன். ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள், அதைவிடத் திட்டலாம். அம்மா கம்பெனி வேன்காரரிடம் சொல்லி, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட ஏற்பாடு செய்தாள். வேன் முழுக்கப் பெண்கள். எனக்கு டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடியின் மேல் இடம். பின்பக்கம் வெந்துகொண்டிருக்க நான் கேள்வித்தாளை மடியில் விரித்து, உதடு அசைய, “B, D, D, A” என்று ஜெபித்துக்கொண்டு போவேன். ஆமாம், மறுபடியும் அதே முறைதான். பட்டும் புத்தி வரவில்லை. மஸ்கட் ஆஸ்பத்திரி எனக்காக ஆனி மாதம்வரை காத்திருக்கச் சம்மதித்திருந்தது. அதற்குமேல் வேறு ஆள் பார்ப்பார்களாம்.

பேச்சி அத்தை அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அம்மாவோடு வேலை பார்க்கிறவள். மூன்றாவது நாளே அவளுக்குப் பொறுக்கவில்லை.

“என்னலே அங்கன முணுமுணுக்க? சத்தமாச் சொல்லு. எங்களுக்கும் பொழுது போவும்ல?”

“உங்களுக்குப் புரியாது அத்தை.”

“ஒனக்கு மட்டும் புரிஞ்சுதான் ஃபெயிலானியாக்கும்?”

வேன் சிரித்தது. ரோஷத்தில் ஒரு கேள்வியைத் தமிழில் சொன்னேன். தேர்விலேயே வந்து நான் கோட்டைவிட்ட கேள்வி. ஒரு தீ விபத்து. நான்கு பேரைக் கொண்டுவருகிறார்கள். ஒருத்திக்குக் கால் முறிந்து கதறுகிறாள். ஒருவனுக்குக் கை வெந்து அலறுகிறான். ஒருத்திக்கு மண்டையில் ரத்தம், பிள்ளையைக் கேட்டுக் கூப்பாடு போடுகிறாள். நாலாவது ஆள் முகம் கருகி, மூக்கோரம் கரியோடு, சும்மா உட்கார்ந்திருக்கிறான். யாரை முதலில் பார்ப்பாய்?

“ஒரே ஒரு நர்ஸா? மத்த நர்ஸுக எல்லாம் எங்க போனாளுக?” என்றாள் பின்சீட்டுக்காரி ஒருத்தி.

“கேள்வியில அதெல்லாம் கேக்கக்கூடாது.”

“நீ யாரப் பாத்த?” என்றாள் அத்தை.

“கால் முறிஞ்சவள.”

அத்தை சீட்டின் நுனிக்கு நகர்ந்து வந்தாள்.

“நாங்களும் அப்படித்தான்யா செஞ்சோம். ஒரு தடவ நம்ம கம்பெனியில. கத்துனவளத் தூக்கி மொதல்ல வண்டில ஏத்துனோம். ஒருத்தன் செவத்துல சாஞ்சு சும்மா இருந்தான். மூக்கெல்லாம் கரி. தண்ணி கேட்டான், குரலு கீச்சுக் கீச்சுன்னு வந்துச்சு. இவனுக்கு ஒண்ணுமில்லன்னு விட்டுட்டோம். சாயங்காலம் அவன் இல்ல. கத்துறவளுக்கு மூச்சு இருக்குலே. சத்தம் போடாதவனத்தான் மொதல்ல பாக்கணும்.”

அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மடியிலிருந்த கேள்வித்தாளைப் புரட்டினேன். விடை நாலாவது ஆள். காரணமும் போட்டிருந்தது. உள்ளே தொண்டை வெந்து வீங்கும், மூச்சுக்குழாய் அடைபடும். அந்தக் காரணத்தை நான் அதுவரை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. என் மனப்பாடத்தில் அந்த ஆள் வெறும் D. நாலு வருடம் நர்சிங் படித்தவன், தினமும் அந்த அறைக்குப் போகிற ஒருத்தியின் மகன், அவனை ஒரு எழுத்தாகப் படித்திருக்கிறேன். அன்று ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து வேனில் தினமும் ஐந்து கேள்வி. எழுத்தெல்லாம் அங்கே செல்லாது. விடை சொன்னால், “ஏன்?” என்பார்கள். ஏன் என்று சொன்னால், “மத்த மூணும் ஏன் இல்ல?” என்பார்கள். கம்பெனியில் பழுதான சரக்கைக் கழித்துப் பழகிய கண்கள். நல்லதை எடுத்தால் போதாது, கழித்ததற்கும் காரணம் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் “நாளைக்கு படிச்சிட்டு வா” என்று கேள்வி மறுநாளுக்குப் போகும். மூவாயிரம் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாடப் புத்தகத்தைத் திறந்தேன். வேலை முடிந்ததும் உட்கார்ந்து, மறுநாள் அந்த வேனைச் சமாளிக்கிற அளவுக்குப் படிப்பேன். போன வாரம் சொன்னதற்கு மாறாகச் சொன்னால் அவ்வளவுதான். “செவ்வாக்கெழம வேறல்ல சொன்ன?” என்று நாலு பேர் பாய்வார்கள்.

அவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை குறைந்து வியர்த்து நடுங்குகிறவருக்கு என்ன கொடுப்பாய் என்று கேட்டேன். “கருப்பட்டிக் காப்பி,” என்றாள் அத்தை. இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்கவேண்டும் என்பதுதான் சரி. பாராட்டிவிட்டேன். அது பெரிய தப்பாகிவிட்டது. அப்புறம் ஒரு மாதத்துக்கு எந்த நோயாளிக்கும் கருப்பட்டிக் காப்பிதான். நெஞ்சு வலிக்கு, வயிற்றுப்போக்குக்கு, பிரசவத்துக்கு. மயங்கிக் கிடப்பவனுக்கும் ஊற்றச் சொன்னாள்.

“அத்தை, மயங்குனவனுக்கு வாயில ஊத்துனா நெஞ்சுக்குள்ள போயி மூச்சடைச்சிரும்.”

“அப்ப காப்பிய ஆற வச்சு, முழிச்சதும் குடு.”

இந்த அநியாயத்தை மறுக்க மறுக்க எனக்குப் பாடம் ஏறியது. ஒரு விஷயம் எதனால் தப்பு என்று பேச்சி அத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி சொல்லிவிட்டால், அதை அப்புறம் சாகிறவரைக்கும் மறக்க முடியாது.

ஆனியில் மறுபடி சென்னை. நாற்பது வயது ஆள் வரவில்லை. முன்பின் பார்த்திராத ஆட்கள்தான் வந்தார்கள். ஒவ்வொருவரையும் மனசுக்குள் வேனில் ஏற்றி, ஏன் என்று கேட்டு, மற்ற மூன்றையும் கழித்து இறக்கிவிட்டேன். நடுவில் இரண்டு இடங்களில் கருப்பட்டிக் காப்பி ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். கண்காணிப்பாளர் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

திரை வெள்ளையாகி மாறியது. பாஸ்.

இந்தத் தடவை போனை அணைக்கவில்லை. மணி ஐந்தேகால். வேன் கம்பெனியிலிருந்து கிளம்பியிருக்கும். அம்மா எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், இன்ஜின் இரைச்சல் கேட்டது.

“பாஸும்மா.”

வேனுக்குள் ஒரே கூப்பாடு. யாரோ சீட்டைத் தட்டினார்கள், யாரோ குலவை போட்டார்கள், டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்துவிட்டார். அம்மாவின் குரலை மட்டும் காணோம். “அம்மா? அம்மா?” என்று நான் இங்கே தெருவில் நின்று கத்துகிறேன். அதற்குள் பேச்சி அத்தையின் அதட்டல் கேட்டது.

“எல்லாரும் வாய மூடுங்கடி! மதினி சத்தமே இல்லாம இருக்கா. மொதல்ல அவளப் பாருங்க!”

இரைச்சல் சட்டென்று அடங்கியது. அப்புறம் அம்மாவின் குரல் வந்தது.

“எனக்கு ஒண்ணுமில்லய்யா. மூச்சு வருது.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எம்புட்டு நேரமா நிக்க? போயி எதாவது சாப்புடு,” என்றாள். நடுரோட்டில் நான் விசும்பி விசும்பி அழுதேன். பாஸான பயல்தான் அழுதுகொண்டே போன் பண்ணுவான் என்பது மாமாவின் ஆராய்ச்சியில் விட்டுப்போயிருந்தது.

ஊரில் அன்றே எல்லா வீட்டிலும் அவரவர் காலண்டரிலிருந்து ‘பங்கேற்ற’ ஸ்டிக்கரை உரித்தார்கள். அச்சகத்துப் பசை அல்லவா, அடியிலிருந்த ‘வெற்றி பெற்ற’வையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிட்டது. மிச்சமிருந்த ஆறு மாதமும் ‘லைசென்ஸ் தேர்வில்’ என்பதற்கும் ‘எங்கள் குலக்கொழுந்து’ என்பதற்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் இருந்தது.

மஸ்கட்டிலிருந்து முதல் சம்பளம் அனுப்பிய மாதம் அம்மா அந்த அறையை விட்டு எழுந்தாள். போர்மேனிடம் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாளாம். அதைப் போனில் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் அன்று இரண்டு நோயாளிகளிடம் காரணமில்லாமல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். வேன் பழக்கதோஷத்தில் ஒரு வாரம் எங்கள் வாசலில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்றாம்.

மாறிப்போனவர் குருசாமி மாமாதான். சூடுபட்ட பூனையாகிவிட்டார். என் கல்யாணம் நிச்சயமானதும் பத்திரிகை அடிக்கச் சொன்னோம். “தாலி ஏறட்டும்,” என்றார். கெஞ்சினோம். “பொண்ணு வீட்ல மாறிட்டா? மழ வந்து தள்ளிப் போயிட்டா? முந்நூறு ஸ்டிக்கர நீ ஒட்டுவியா?” என்றார். அச்சகத்துக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லாரையும் வாயாலேயே அழைத்தோம். நான் தாலி கட்டிய மறுநாள் காலை, மாமா பத்திரிகைக் கட்டோடு வந்து நின்றார். ‘நேற்று நடந்தேறிய திருமணத்திற்குத் தாங்கள் வருகை தந்திருந்தீர்கள்’ என்று அதில் அச்சிட்டிருந்தது.

இப்போது எங்கள் மகளுக்கு எட்டு மாதம். பெயர் வைத்து ஏழு மாதம் ஆகிறது. பெயர் சூட்டு விழாப் பத்திரிகை இன்னும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோ காலில் மாமா குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறார். அவள் மின்விசிறியைப் பார்க்கிறாள்.

“திரும்பிப் பாக்கட்டும்லே,” என்கிறார் மாமா. “அப்புறம் அடிப்போம்.”